கணக்குக் கேட்கும் உரிமை

 

அரசின் வரவு செலவை ஆராய்ந்து பார்க்கும் வேலைக்குத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் 'தணிக்கை' என்று பெயர் வழங்குகிறது. அச்சொல் உருது வழியாக வந்து படிந்தது என்பர். ஈழத்தமிழரோ அப்பணியைக் 'கணக்காய்வு' என்றே நெடுங்காலமாக எழுதி வருகின்றனர். ஆய்தல் என்பது, கீரை ஆய்வார் செய்வதுபோல், நல்லதைக் கொண்டு அல்லதைக் களைதல். அரசுக் கணக்கில் செய்யப்பட வேண்டியதும் அதுவேயாகலின், இவ்வுரை நெடுகிலும் கணக்காய்வு என்னும் சொல்லே ஆளப்பெறும். சொல்லைத் தூய்மை செய்துகொள்வது எளிது. அச்சொல் குறிக்கும் வேலையைத் தூய்மையாக நடத்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சு.

காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள. ஒன்று கி.பி. 919 ஆம் ஆண்டினது. மற்றொன்று 921 ஆம் ஆண்டினது. குடவோலை முறை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த தேர்தல் முறையை விளக்குவன அவையே. 30 குடும்புகளிலிருந்து பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவற்றுக்கு ஆட்களை எடுத்தனர். இவ்வளவும் மேடைதோறும் முழங்கப்படுவது. முழங்கப்படாத பகுதி ஒன்றுண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவன் பெயரை மறுபடியும் ஓலையில் எழுதலாகாது என்று 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு விலக்குகிறது. அவனோடும் அது நிற்கவில்லை. அவன் சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், உடன்பிறந்தாள் கணவன், மருமகன், தந்தை, மகன் என்று உறவுப் பட்டியலை நீட்டி, அவர்களையும் சேர்த்தே விலக்குகிறது. கணக்குக் காட்டாதவன் தன் மைத்துனனை முன்னிறுத்திப் பின்வாயில் வழியாகக் கருவூலத்துள் நுழைவான் என்பதை அறிந்து அவ்வாயிலையும் அடைத்தவர்கள் உலகியல் தெரிந்தவர்களே. இன்றைய தேர்தற் சட்டங்களில் அத்துணைக் கடுமை இல்லை.

கணக்கெழுதுவோனுக்கும் தனியே நெறி வகுத்துள்ளனர். தான் எழுதிய கணக்கைத் தானே கொண்டுவந்து பெருங்குறிப் பெருமக்கள் முன் ஒப்புவிக்க வேண்டும். வேறொரு கணக்கன் இடையில் புகுந்து அதனை முடித்து வைத்தலாகாது. அவன் தூயன் எனத் தெளிந்த பின்னரே மீண்டும் அவ்வேலைக்கு வரலாம்.

பெருமை பேசுமிடத்து உண்மையையும் உடன் பேசுதல் வேண்டும். உத்திரமேரூர் பார்ப்பனர்க்கென விடப்பெற்ற ஊர். வரி இறுக்கும் நிலமும், சொந்த மனையில் வீடும், மறைப் பயிற்சியும் உடையவனே ஓலைக்குரியவன். அந்நிலத்தை உழுதவன் பெயர் குடத்தில் விழவில்லை. நெய்தவன் பெயரும் விழவில்லை. பெண்டிர் பெயர் எண்ணத்திலேயே இல்லை. ஆகவே அதனை இன்றைய பொருளில் குடியாட்சி என்று கூத்தாடுதல் தகாது. அதில் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. செலவிட்டவன் தன் கணக்கைத் தானே சரியென ஒப்பமிட்டுக்கொள்ள முடியாது என்னும் தெளிவே அது.

அத்தெளிவு இங்கிலாந்தில் வேறு வழியாக வளர்ந்தது. அரசனின் செலவை ஆராய ஓர் அலுவலர் இருந்தமைக்கு அங்கே 1314 ஆம் ஆண்டிலேயே குறிப்புண்டு. ஆயின் அவர் அரசனின் ஆள், அரசனுக்காகவே பார்த்தார். 1780 இல் பொதுக்கணக்குகளை ஆராய ஆணையர் சிலர் சட்டத்தால் அமர்த்தப்பெற்றனர். அதன் பின்னும் மக்கள் மன்றத்துக்குக் கணக்கு முழுமையாகத் திரும்பி வரவில்லை. பணம் வேண்டுமென்று அரசு கேட்கும், மன்றம் கொடுக்கும், கொடுத்தது எங்கே போயிற்று என்பது எவருக்கும் தெரியாது. இந்நிலையை மாற்றியவர் அக்காலப் பொருளமைச்சர் கிளாட்சுட்டன். மெழுகுதிரியின் எரிந்தொழிந்த முனையைக்கூட நாட்டுக்காக மிச்சம் பிடிக்க வேண்டுமென்னும் கொள்கையர் அவர். 1861 இல் பொதுக்கணக்குக் குழு அமைந்தது. 1866 இல் கருவூலம், கணக்காய்வுத் துறைகள் பற்றிய சட்டம் வந்தது. பணம் கருவூலத்தை விட்டு வெளியேறுமுன் அதற்கு மன்றத்தின் ஒப்புதல் உண்டா என்று பார்ப்பதும், வெளியேறிய பின் எங்ஙனம் செலவாயிற்று என்று பார்ப்பதும் ஆகிய இருவேலைகளும் ஒருவர் கையில் இணைக்கப்பெற்றன. அப்பொறுப்பை முதன்முதல் ஏற்றவர் வில்லியம் தன்பார்.

இதிலும் ஓர் ஓட்டை நூறாண்டுக்கு மேல் அடைபடாமலே இருந்தது. கணக்காய்வரின் கீழ் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் இருக்கலாம், அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்பதை முடிவு செய்தது பொருள்துறையே. எந்தத் துறையின் கணக்கைக் கேள்வி கேட்க வேண்டுமோ, அந்தத் துறையிடமே ஆளுக்கும் கூலிக்கும் கையேந்த வேண்டியிருந்தது! தோட்டக் காவலனுக்குத் திருடன் படியளந்தால் காவல் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். அரசுத் தரப்பினரால் அன்றித் தனி உறுப்பினர் ஒருவரால் கொண்டுவரப்பெற்ற 1983 ஆம் ஆண்டுச் சட்டமே இதனைத் திருத்தியது. அதன்படி தலைமைக் கணக்காய்வர் மக்கள் மன்றத்தின் அலுவலர் ஆனார். அவர்க்கெனத் தனி நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் அமைந்தது. அதன் செலவுத்தொகையை மன்றத்தின் குழுவே வரையறுத்தது. அவரை அமர்த்தும் முன்மொழிவைத் தலைமை அமைச்சர் தனித்துக் கொண்டுவர முடியாது. பொதுக்கணக்குக் குழுத் தலைவரின் இசைவு வேண்டும். அத்தலைவரோ வழக்கமாக எதிர்க்கட்சியினர்.

அச்சட்டம் செய்த இன்னொரு மாற்றம் இதனினும் பெரிது. செலவுக்குச் சீட்டு இருக்கிறதா, கூட்டல் சரியா என்று மட்டும் பார்த்து வந்த கணக்காய்வு, கொடுத்த பணத்துக்குத் தக்க பயன் வந்ததா என்றும் கேட்கத் தொடங்கியது. அதனை மூன்றாகப் பிரித்தனர்: செட்டு, திறம், பயன். ஓர் ஏரிக்கு மதகு கட்டுவதாகக் கொள்க. கல்லும் காரையும் நேர்மையான விலைக்கு வாங்கப்பட்டனவா என்பது செட்டு. வாங்கிய கல்லையும் கூலியையும் வீணாக்காமல் கட்டி முடித்தார்களா என்பது திறம். மதகு திறந்தால் கடைமடைக்கு நீர் போகிறதா என்பது பயன். முதலிரண்டும் குறைவின்றி இருந்தும் மூன்றாவது பொய்த்த கட்டடங்கள் நாடெங்கும் நிற்கின்றன. சீட்டுகளை மட்டும் பார்க்கும் கணக்கனுக்கு அவையெல்லாம் குறையற்ற கணக்குகளே.

இவ்வாய்வு செய்யக்கூடிய வேலைக்கு அண்மைக்காலச் சான்றொன்று போதும். 2020 ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுப் பரவியபோது, மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் வேண்டிய காப்புடைகளையும் முகவுறைகளையும் பிரித்தானிய அரசு போட்டியின்றி அவசரமாக வாங்கியது. அவசரம் உண்மையானதே, அதனை எவரும் மறுக்கவில்லை. ஆயின் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அலுவலர்களும் பரிந்துரைத்த நிறுவனங்களுக்கு முன்னுரிமைத் தடம் ஒன்று தனியே இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த கணக்காய்வு அறிக்கை இருதடத்தையும் எண்ணிக் காட்டியது. முன்னுரிமைத் தடத்தில் வந்த 493 நிறுவனங்களில் 47 ஒப்பந்தம் பெற்றன. பொதுத் தடத்தில் வந்த 14,892 இல் 104 மட்டுமே பெற்றன. அஃதாவது, அறிந்தவர் உள்ளவனுக்குப் பத்திலொரு வாய்ப்பு. அறிந்தவர் இல்லாதவனுக்கு நூற்றிலொன்றும் இல்லை. கணக்காய்வர் எவரையும் கள்வர் என்று சொல்லவில்லை. இரண்டு வரிசை எண்களை அருகருகே வைத்தார். 2022 சனவரியில் அத்தனித்தடம் சட்டத்துக்குப் புறம்பானது என்று இலண்டன் உயர் முறைமன்றம் கூறியது. அவ்வாண்டே வெளிவந்த கணக்கில் இன்னொன்றும் தெரிந்தது. ஏறத்தாழ 1,210 கோடி பவுண்டுக்கு வாங்கிய காப்புப் பொருள்களில் 870 கோடி பவுண்டு மதிப்பைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. அதில் ஏறத்தாழ 470 கோடி, விலை உச்சத்தில் வாங்கியதன் விளைவு. ஏறத்தாழ 67 கோடி, எதற்கும் உதவாப் பழுதுப் பொருள்.

அரசு தானே செலவிடும் பணத்தில் மட்டுமன்று. அரசு பிறரை ஒழுங்குபடுத்தத் தவறுவதாலும் மக்கள் பணம் போகும். மின்னாற்றலும் எரிவளியும் விற்கும் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்க அந்நாட்டில் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் உண்டு. போட்டி பெருகட்டும் என்று கைப்பொருள் இல்லாதார்க்கும் அது உரிமம் வழங்கியது. 2021 இல் எரிவளி விலை ஏறியதும், ஏறத்தாழ 30 நிறுவனங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன. அவற்றின் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிய செலவு ஏறத்தாழ 270 கோடி பவுண்டு; வீட்டுக்கு 94 பவுண்டு என்று 2022 சூன் மாத அறிக்கை கணக்கிட்டது. அப்பணத்தைக் கட்டியவர்கள் வீழ்ந்த நிறுவனத்தார் அல்லர். உரிமம் கொடுத்த ஆணையத்தாரும் அல்லர். விளக்கெரித்த வீட்டினரே கட்டினர்.

கணக்காய்வரை யார் ஆய்வது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. 1988 முதல் இருபதாண்டுக் காலம் அப்பொறுப்பில் இருந்த சான் போர்ன் அவர்களின் வெளிநாட்டுப் பயணச் செலவுகளும் விருந்துச் செலவுகளும் 2007 இல் ஏடுகளில் வெளிவந்து பெருங்கேள்விக்கு உள்ளாயின. 2008 சனவரியில் அவர் விலகினார். அதன் பயனாகவே, 2011 ஆம் ஆண்டுச் சட்டம் கணக்காய்வர்க்குப் பத்தாண்டு, ஒரே முறை என்று வரம்பு கட்டியது. ஒருவரை நீக்க முடியாதபடி காப்பது தேவை. அவரே நெடுங்காலம் நீங்காமல் இருப்பது வேறு.

இனி இந்திய நாட்டுக்கு வருவோர் முதலில் காண்பது பெயரும் பொருளும் பொருந்தாமையே. அரசமைப்புச் சட்டத்தின் 148 ஆம் பிரிவு இவ்வலுவலர்க்குக் கட்டுப்படுத்துநர் என்றும் தலைமைக் கணக்காய்வர் என்றும் இரு பெயரை ஒருங்கே சூட்டியுள்ளது. கட்டுப்படுத்தும் வேலை அவரிடம் இல்லை. பணம் கருவூலத்தை விட்டுப் போகும்போது அவரைக் கேட்பார் எவருமிலர். போன பின்னரே பார்க்கிறார். 1949 மே 30 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், அரசமைப்பில் காணும் அலுவலருள் ஒருவேளை இவரே தலையாயவர் என்றும், முறைமன்றத்தினும் மிகுந்த சார்பின்மை இவர்க்கு வேண்டும் என்றும் கருத்துரைத்தார். உச்ச முறைமன்ற நடுவரை நீக்கும் முறையிலன்றி இவரை நீக்க முடியாது என்பதும், இவர் அலுவலகச் செலவு வாக்கெடுப்புக்கு உட்பட்டதன்று என்பதும் நல்ல காப்புகள். ஆனால் இவரை அமர்த்துவது நடுவணரசே. நாடாளுமன்றத்தைக் கேட்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சித் தலைவரைக் கேட்க வேண்டியதில்லை. யாருடைய கணக்கை இவர் ஆய்வாரோ அவரே இவரைப் பொறுக்கி எடுக்கிறார்.

பொறுப்பு முடிந்தபின் நடுவணரசிலோ மாநில அரசிலோ வேறு பணி ஏற்கக்கூடாதென்றும் அப்பிரிவு விதிக்கிறது. 1989 இல் போபர்சு பீரங்கி பற்றிய கணக்காய்வு அறிக்கை நாடாளுமன்றத்தையே உலுக்கியது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் திரளாக விலகினர். அவ்வறிக்கைக் காலத்துக் கணக்காய்வரான சதுர்வேதி பின்னர்க் கட்சியொன்றில் சேர்ந்து மாநிலங்களவை உறுப்பினராகி, 2002 இல் கருநாடக ஆளுநரும் ஆனார். ஆளுநர் பொறுப்பு அரசுப் பணியாகாது என்று உச்ச முறைமன்றம் 1979 இலேயே கூறியிருத்தலால், இதில் சட்டப் பிழை இல்லை. சட்டப் பிழை இல்லாத இடங்களே மிகுதியும் வருந்தத்தக்கன.

2010 நவம்பரில் வந்த அலைக்கற்றை அறிக்கையைத் தமிழ்நாட்டார் மறந்திரார். ஏலமின்றி உரிமம் வழங்கியதால் அரசுக்கு வந்திருக்கக்கூடிய பணத்தை நான்கு வழிகளில் அவ்வறிக்கை மதித்தது. விடைகள் 57,666 கோடி உருபா முதல் 1,76,645 கோடி உருபா வரை விரிந்தன. நாளேடுகள் மிகப் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன. 2012 பிப்பிரவரியில் உச்ச முறைமன்றம் 122 உரிமங்களைத் தள்ளியது. 2017 திசம்பரில் தனி முறைமன்றம் குற்றம் சாட்டப்பட்டார் அனைவரையும் விடுவித்தது. கட்சிக் கண்ணோடு பார்ப்பார் இவ்விரண்டில் தமக்குப் பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவர். வழங்கிய முறை தவறு என்பது வேறு. இன்னார் குற்றவாளி என்பது வேறு. வராத பணத்தை எண்ணுவது இவ்விரண்டினும் வேறு. மூன்றாவதைச் செய்யும் கணக்காய்வர் சொல்லை அளந்து பேசக் கடமைப்பட்டவர். எண்ணைக் காட்டும்போதே அஃது எத்துணை உறுதியற்றது என்பதையும் அதே அளவு பெரிய எழுத்தில் காட்ட வேண்டும்.

மாநிலங்களின் கணக்கையும் இதே நடுவண் அலுவலரே ஆய்கிறார். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்காக ஆய்கிறவரை அமர்த்துவதில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு ஒரு சொல்லும் இல்லை. இஃது இயற்கை என்று பலர் எண்ணியிருக்கின்றனர். இயற்கையன்று. 1948 ஆம் ஆண்டு அரசமைப்பு வரைவில் மாநிலத்துக்கெனத் தலைமைக் கணக்காய்வர் ஒருவரை அமர்த்த இடம் வைத்திருந்தனர். அப்பகுதி பின்னர் நீக்கப்பட்டது. செருமனியில் 16 மாநிலங்களும் தத்தம் கணக்காய்வு மன்றங்களை உடையன. அவை நடுவண் மன்றத்தின் கிளைகள் அல்ல. இசுக்காட்லாந்து நாடாளுமன்றம் தன் தலைமைக் கணக்காய்வரைத் தானே முன்மொழிகிறது. வேல்சும் அங்ஙனமே செய்கிறது. நாடு இரண்டாகிவிடும் என்று அங்கே இதனால் எவரும் அஞ்சியதாகத் தெரியவில்லை.

எனினும் மாநிலம் தன் கையில் உள்ளதைச் செம்மையாகச் செய்கிறதா என்றும் கேட்டல் வேண்டும். 151 ஆம் பிரிவின்படி அறிக்கை ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று சட்டம் சொல்லவில்லை. அச்சொல்லாமையில் ஆட்சிகள் குளிர்காய்கின்றன. தில்லியில் 14 அறிக்கைகள் அவைக்கு வராமலே கிடந்தன. 2025 பிப்பிரவரியில் ஆட்சி மாறிய பின்னரே ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கின. கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்துவிட்டு, பேச நேரமின்றி அவையை ஒத்திவைக்கும் வழக்கமோ எல்லாக் கட்சிக்கும் பொதுவானது.

மேலே உள்ள கணக்குகளின் நிலை இது. ஊர்க் கணக்கின் நிலை யாது? இங்கிலாந்திலும் இஃது இழிந்தே கிடக்கிறது. உள்ளாட்சிகளை ஆய்வதற்கென 1983 இல் நிறுவிய ஆணையத்தைச் செலவு மிச்சம் என்று சொல்லி 2015 இல் கலைத்தனர். தனியார் கணக்காய்வு நிறுவனங்களிடம் வேலையை விட்டனர். 2022–23 ஆம் ஆண்டுக்கான உள்ளாட்சிக் கணக்குகளில் உரிய நாளுக்குள் ஆய்வு முடிந்து வெளிவந்தவை நூற்றுக்கு ஒன்றளவே. அதனால், அரசு முழுமைக்குமான அவ்வாண்டுத் தொகுகணக்கின் மீது கருத்தே கூற இயலாது என்று தலைமைக் கணக்காய்வர் 2024 நவம்பரில் கைவிரித்தார். முன்பு எப்போதும் அவ்வாறு நேர்ந்ததில்லை. மிச்சம் பிடித்த முனையால் வீடே இருண்டது.

இதற்கு நேர்மாறான ஒன்று இராசத்தானத்துச் சிற்றூரில் நடந்தது. 1994 திசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட்கிரானாவில் உழவர்களும் கூலிகளும் கூடி, ஊராட்சி வேலைகளின் கூலிப் பட்டியலை வெளியில் வாய்விட்டுப் படிக்கச் செய்தனர். வேலைக்கு வராதார் பெயரில் கூலி எழுதியிருந்தது. அவர்களே எழுந்து நின்று தாம் வாங்கவில்லை என்றனர். இத்தகைய கூட்டங்கள் அடுத்தடுத்த ஊர்களில் தொடர்ந்தபோது, இறந்தாரும் கூலி வாங்கியிருந்தமை தெரிந்தது. அங்குத் தலைமைக் கணக்காய்வர் இல்லை. எழுத்தறிவும் பலர்க்கு இல்லை. அயலான் வேலைக்கு வந்தானா இல்லையா என்பதை அறிய எழுத்தறிவு வேண்டியதில்லை. அவ்வியக்கமே வளர்ந்து, 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிகோலியது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் தன் 17 ஆம் பிரிவில் ஊரவையே கணக்காய்வு செய்ய இடம் வகுத்தது.

தமிழ்நாட்டு ஊராட்சிகளின் கணக்கை ஆய்வது மாநில அரசைச் சார்ந்த துறையே, தன்னுரிமையான அமைப்பன்று. ஆயினும், 1994 ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, அவ்வாய்வறிக்கை ஊரவையின் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும். ஊரவை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1. பெரும்பாலான ஊர்களில் தீர்மான ஏட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கப்படுகிறது. அந்நாள்களில் அமர்ந்து கேட்க வேண்டியவை நான்கே: சென்ற ஆண்டின் கணக்காய்வு அறிக்கை, வேலைகளின் மதிப்பீட்டுத் தாள், முடிந்த வேலையை அளந்தெழுதிய அளவுப் புத்தகம், கூலிப் பட்டியல். அளவுப் புத்தகத்தில் சாலையின் நீள அகலமும் தடிப்பும் எழுதியிருக்கும். ஓர் அளவு நாடாவும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் அச்சாலைக்கே நடந்து போகலாம்.